விளிம்பில் இருக்கிறது வெடி

தேர்தல் அறிவிப்பு வந்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் கிடந்த துப்பாக்கிகள் வெளிச்சத்துக்கு வரும். உரிமம் வைத்திருப்பவர்களைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். வாக்கு எண்ணி முடிந்த பிறகு திரும்ப எடுக்கலாம். ஒப்படைக்க வருபவற்றில் பெரும்பாலானவை 12 போர் தோட்டா போடும் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள். அபூர்வமாக ஒன்று, மெலிந்த குழலும் நீண்ட மரக்கட்டையுமாக .22 ரைபிள். பர்மிங்காமின் பி.எஸ்.ஏ. என்றோ செக்கோஸ்லோவாக்கியாவின் பர்னோ என்றோ முத்திரை இருக்கும். பாட்டனார் வாங்கியது, தகப்பனார் பெயருக்கு மாறியது, இப்போது பேரன் கையில். சில மாதங்கள் எண்ணெய் படாமல் கிடந்துவிட்டுத் திரும்பி வருகையில் குழலில் துரு தெரியும். கூடவே கேள்வியும் வரும்: செலவு செய்து சரிபண்ணுவதா, கொடுத்துவிட்டு வேறு வாங்குவதா?

இந்தப் பழைய கேள்விக்குப் புதிய அவசரத்தைக் கொடுத்தது காட்டுப்பன்றி. நெய்யாறு சரணாலயத்தின் அடிவாரத்தில், அம்பூரி, வெள்ளறடைப் பக்கங்களில் மரச்சீனியும் வாழையும் போடுகிறவர்களுக்குப் பன்றியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களைக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர்களாக நியமித்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை அவர்களிடம் கொடுத்தது. சுடுகிறவர் துப்பாக்கி உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். விஷமும் வெடியும் மின்சாரமும் கூடாது. களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் நடைமுறை வேறு. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் வந்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறைப் பணியாளர்களே சுடலாம். விவசாயி சுட முடியாது. கேரளத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் உரிமத்தோடு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடப்பதே குற்றம்.

ஆக மேற்குப் பக்கத்தில், பீரோவில் .22 இருக்கும் வீட்டில் ஒரு யோசனை முளைக்கிறது. ஒரு தொலைநோக்கி மாட்டி, குழலைச் சுத்தம் செய்து, இதையே பன்றிக்குப் பயன்படுத்தினால் என்ன? கூடாது. ஏன் கூடாது என்பதற்கான காரணம் தோட்டாவின் அடிவிளிம்பிலேயே இருக்கிறது. அந்த விளிம்பைப் புரிந்துகொண்டால் பழைய ரைபிளில் எது கெடும், எது கெடாது, எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பதும் சேர்ந்தே புரியும்.

தோட்டாக்களில் இரண்டு ஜாதி. 12 போரிலும் .315 ரைபிளிலும் போடும் தோட்டாவின் அடியில், நடுமையத்தில், தனியாக ஒரு சின்னக் கிண்ணம் பதித்திருப்பார்கள். அதில்தான் அடிபட்டால் தீப்பற்றும் மருந்து இருக்கும். இது சென்டர்ஃபயர். .22 தோட்டாவில் அந்தக் கிண்ணம் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பையே உள்ளீடற்ற மடிப்பாகச் செய்து, அந்த மடிப்புக்குள் மருந்தை அடைத்திருப்பார்கள். ஈரமான மருந்தைக் கூட்டுக்குள் இட்டுச் சுழற்றினால், கிரைண்டரில் மாவு ஓரத்துக்கு ஒதுங்குகிற மாதிரி மருந்து விளிம்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். துப்பாக்கியின் ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கும்போது, பின்னுக்கும் குழலின் விளிம்புக்கும் நடுவே மருந்து நசுங்கித் தீப்பிடிக்கிறது. இது ரிம்ஃபயர்.

பாரிஸ்காரரான ஃப்ளோபேர் 1845இல் வீட்டுக்கூடத்தில் குறிபார்த்து விளையாடுவதற்காக இதன் முதல் வடிவத்தைச் செய்தார். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857இல் .22 ஷார்ட் தோட்டாவைக் கொண்டுவந்தது. இன்று உலகமெங்கும் விற்கும் .22 லாங் ரைபிள் தோட்டாவை 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தியது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அளவு மாறவில்லை. பாட்டனாரின் ரைபிளுக்கு இன்றைய தோட்டா அப்படியே பொருந்துவது இதனால்தான். ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய கைப்பேசிக்கு சார்ஜர் கிடைக்காத காலத்தில் இது சாமானியக் காரியமில்லை.

இனி விளிம்பின் கணக்கு. பின் அடித்தால் நசுங்க வேண்டும் என்பதால் பித்தளை மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய பித்தளை பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே உள்ளே போடும் வெடிமருந்தும் கொஞ்சம்தான், ஈயக்குண்டும் சிறியதுதான். வழக்கமான குண்டின் எடை 2.6 கிராம். குழலின் வாயை விட்டு நொடிக்கு 320 முதல் 380 மீட்டர் வரை வேகத்தில் கிளம்பும். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் 130 முதல் 190 ஜூல். 12 போர் தோட்டா ஒன்று இரண்டாயிரம் ஜூலுக்கு மேல் கொடுக்கும். .315 ரைபிள் அதையும் தாண்டும். வளர்ந்த காட்டுப்பன்றிக்கு அடர்ந்த மயிர், தடித்த தோல், தோளைச் சுற்றிக் கேடயம் மாதிரிக் கெட்டித்த தசை. .22 குண்டு அதில் காயத்தை உண்டாக்கும், உடனடிச் சாவை உண்டாக்காது. காயம்பட்ட பன்றி ரப்பர் தோட்டத்துக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாகும். அல்லது மறுநாள் காலையில் பால் வெட்டப் போகிறவர்மேல் பாயும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சின்னக் குண்டு என்பதால் தூரம் போகாது என்று நினைப்பவர்கள் அதிகம். ஏற்றமான கோணத்தில் சுட்டால் .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். மெதுவான ஈயக்குண்டு தண்ணீரிலோ வெட்டுக்கல்லிலோ சாய்வாகப் பட்டால் புதையாமல் தெறித்துத் திசைமாறும். திருவனந்தபுரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, சதுர கிலோமீட்டருக்கு 1,508 பேர் வசிக்கிறார்கள். ஒன்றரை கிலோமீட்டருக்குள் வீடில்லாத திசை பாறசாலையில் எங்கே இருக்கிறது?

பன்றிதான் நோக்கம் என்றால், .22இல் எந்த மேம்பாட்டுக்கும் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. தொலைநோக்கி ஆற்றலைக் கூட்டாது. புதுக் குழலும் கூட்டாது. விளிம்பு அனுமதிப்பதற்கு மேல் இந்தத் தோட்டாவிலிருந்து எதையும் கறக்க முடியாது.

மற்றவர்களுக்கு, அதாவது குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகச் செய்கிறவர்களுக்கும், வீட்டுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும், குடும்பத்துப் பொருளைக் கெடாமல் வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கும் விளிம்பு நல்ல செய்தி வைத்திருக்கிறது. குறைந்த அழுத்தம், குறைந்த வெப்பம், மிருதுவான ஈயம். அதிவேக ரைபிள்களில் சுடும் வாயு குழலின் தொண்டையை அரித்துச் சில ஆயிரம் முறை சுட்டதுமே தேய்த்துவிடும். .22 குழல் ஒழுங்காகப் பேணினால் பல்லாயிரம் சூடு தாங்கும். கேரளத்து வீட்டு ரைபிள் ஒன்று மூன்று தலைமுறையில் அந்த எண்ணிக்கையில் ஒரு சிறு பகுதியைக்கூடச் சுட்டிருக்காது. அந்தக் குழல்களைக் கெடுத்தது சூடு அல்ல. சுட்ட பிறகு நடந்ததும், சுடாமல் கிடந்தபோது நடந்ததும்தான்.

1920களுக்கு முந்தைய .22 தோட்டாக்களின் விளிம்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. வெந்நீர் கரைக்கும். பழைய சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவியது அதனால்தான். அரிக்காத மருந்துள்ள தோட்டாவை ரெமிங்டன் 1927இல் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு உலகம் மெல்ல மாறியது. எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைத்த பழைய குழலுக்குள் இன்று விளக்கடித்துப் பார்த்தால், சுருள்வரிகளுக்கு நடுவே அம்மைத் தழும்புபோலக் குழிகள் தெரியும். அவை அந்த உப்பின் வேலை.

மீதியை நம் காற்று செய்கிறது. காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் எகிறும். இங்கே இரண்டு பருவமழை. ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேலேதான். பூவார்க் கடற்கரையிலிருந்து உப்புக்காற்று வேறு உள்ளே வருகிறது. துப்பாக்கியின் மேல் தெரியும் கருநீலம் சாயம் அல்ல. இரும்பின்மேல் வேண்டுமென்றே வளர்த்த காந்த ஆக்ஸைடுப் படலம். எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. எண்ணெய் இல்லாவிட்டால் அது தனியாக நின்று துருவைத் தடுக்காது. துணி உறையிலோ தோல் உறையிலோ போட்டு வைப்பது இன்னும் மோசம், இரண்டுமே ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைக்கும்.

எண்ணெய் என்றதும் இந்தப் பக்கத்தில் கை தானாகத் தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்குப் போகும். தலைக்கும் தோசைக்கும் அதுவே போதுமென்றால் துப்பாக்கிக்கு மட்டும் என்ன என்ற நினைப்பு. மூன்று காரணங்களால் அது வேண்டாம். அதில் கலந்திருக்கும் கொழுப்பு அமிலங்கள் நாள்பட்டால் கூடிக்கொண்டே போய் உலோகத்தை மெல்லத் தின்னும். பித்தளையில் பச்சைப் பூச்சாக அதைப் பார்க்கலாம். தூசியைச் சேர்த்துப் பிசுக்காகும். முக்கியமாக, சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் வெப்பம் அதற்குக் கீழே இறங்கிவிடும். குழலின் பின்முனையை அடைக்கும் போல்ட்டுக்குள் உறைந்த எண்ணெய் ஃபயரிங் பின்னின் ஓட்டத்தைத் தளர்த்திவிட்டால், விளிம்பை நசுக்கும் அளவுக்கு அடி விழாது. தோட்டா வெடிக்காது. உடனே ‘ரைபிள் கெட்டுவிட்டது’ என்ற தீர்ப்பு வந்துவிடும். பெட்ரோலியக் கரைப்பானில் போல்ட்டைக் கழுவி, தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய் ஒரு துளி விட்டாலே சரியாகிற நோய் அது.

வெடிக்காத தோட்டாவை வைத்தே நோயைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையென்றால், குழலை இலக்கை நோக்கியே வைத்தபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு. பிறகு அதை வெளியே எடுத்து, விளிம்பில் விழுந்த அடியைப் பார்க்க வேண்டும். அடி ஆழமாக, விளிம்பின் ஓரத்திலேயே விழுந்திருந்தும் வெடிக்கவில்லை, கொஞ்சம் திருப்பிப் போட்டதும் வெடித்தது என்றால் குற்றம் தோட்டாவினுடையது. சுழற்றும்போது அந்த இடத்துக்கு மருந்து போய்ச் சேரவில்லை. எங்கே திருப்பிப் போட்டாலும் அடி மேலோட்டமாகவே விழுகிறது என்றால் சுருள்வில் தளர்ந்திருக்கலாம், பின் தேய்ந்திருக்கலாம், பிசுக்கு அடைத்திருக்கலாம். இவையெல்லாம் சில்லறைச் செலவு.

நான்காவது சாத்தியம் கொஞ்சம் தீவிரமானது. தோட்டா போடாமல் விசையை இழுத்து விளையாடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சென்டர்ஃபயரில் அதனால் பெரிய சேதம் வராது. பழைய ரிம்ஃபயரில் நடுவே நசுங்க விளிம்பு இல்லாததால் பின் நேராகக் குழலின் ஓரத்தில் போய் மோதும். ஆயிரம் முறை மோதினால் அங்கே ஒரு பள்ளம் விழும். அதற்குப் பிறகு போடும் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் தாங்கல் இருக்காது; அடித்தாலும் நசுங்காது. கூடவே, அந்தப் பள்ளத்தின் உதடு, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் துருத்திக்கொண்டு சுட்ட கூட்டை வெளியே வரவிடாது. தேர்ந்த ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர், அந்த உதட்டைத் தட்டிச் சமன்படுத்துவார். பள்ளம் ஆழமென்றால் குழலையே மாற்ற வேண்டும்.

இன்னொரு இடைவெளியும் அளக்க வேண்டியது. போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடம், ஏறக்குறைய 1.1 மில்லிமீட்டர். போல்ட் தேயத் தேய இது விரியும். விரிந்தால் அடி வலுவிழப்பது முதல் கஷ்டம். மெல்லிய பித்தளை பின்பக்கம் பிதுங்கிக் கிழிந்து வாயு சுடுகிறவர் முகத்தை நோக்கி வருவது அடுத்தது. இதற்கு அளவுக்கட்டை வைத்திருக்கும் ஆளிடம்தான் போக வேண்டும். பர்னோ, பி.எஸ்.ஏ. போல்ட்டுகளுக்கு உதிரி கிடைப்பது கடினம் என்பதால், இந்த ஓர் அளவிலேயே பல பழைய ரைபிள்களின் தலையெழுத்து முடிவாகிவிடும்.

போல்ட்டின் தாங்குமுனையில் விரிசல், சேம்பருக்குள் ஆழமான துருக்குழி, அல்லது குழலுக்குள் ஓரிடத்தில் வளையம் போட்டது மாதிரி வீக்கம் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. வீக்கம் என்றால், எப்போதோ உள்ளே சிக்கிய குண்டின்மேல் இன்னொன்றைச் சுட்டிருக்கிறார்கள் என்று பொருள். இந்த மூன்றில் எது இருந்தாலும் அந்த ரைபிளை மறுபடி சுடக் கூடாது.

இவை ஒன்றுமில்லாத ரைபிள் குறி தவறுகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது மரக்கட்டையை. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். உப்பிய மரம் குழலை ஒரு பக்கமாகத் தள்ளினால் குண்டு போய்ப் படும் இடமும் நகரும். ஆனியில் சரிபார்த்த குறி மாசியில் தவறுவதற்குச் சூனியக்காரர் தேவையில்லை. குழல் எங்கும் மரத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு, உலோக உடல் உட்காரும் இடத்தை எப்பாக்ஸியால் படுக்கை போட்டு, மரத்தின் உட்புறத்துக்கும் வார்னிஷ் பூசினால் முடிந்தது. செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் பழைய ரைபிளுக்குச் செய்யக்கூடிய மிகச் சிறந்த மேம்பாடு இதுதான். அடுத்தது குழலின் வாய். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. அந்த ஓரம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் வாயு ஒரு பக்கமாக முந்தி வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். வாய்ப்பக்கமிருந்தே கம்பியை விட்டுத் துடைத்த வீடுகளில் இது சகஜம்.

இன்னொரு பாகமும் பழசாகியிருக்கும், அது உரிமத்தில் எழுதப்படாதது: சுடுகிறவரின் கண். திறந்த குறிகாட்டியில் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று தூரங்களை ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய கண்வில்லை அதற்கு வளைந்து கொடுக்காது. பின்குறிக்குப் பதிலாகச் சின்னத் துளையுள்ள தட்டு வைத்தால் ஒளிக்கற்றை ஒடுங்கி, கிட்டத்ததும் எட்டத்ததும் ஓரளவு ஒன்றாகத் தெளியும். ஒலிம்பிக் ரைபிள் வீரர்கள் இன்றும் தொலைநோக்கி இல்லாமல் இந்தத் துளையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ரைபிள் நல்லதா கெட்டதா என்பதற்கான கடைசிச் சாட்சி தாளில் விழும் துளைகள். அதைத் தோட்டத்தில் வைத்துச் சோதிக்கக் கூடாது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வட்டியூர்க்காவில் கட்டிய சுடுதளம் மாதிரி அனுமதி பெற்ற இடத்தில்தான் செய்ய வேண்டும். இங்கே பலரும் ஏமாறுவது எண்ணிக்கையில். மூன்று குண்டு சுட்டு, மூன்றும் நெருங்கி விழுந்தால் ரைபிள் அபாரம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். புள்ளியியல் அப்படிச் சொல்லவில்லை. ஒரே ரைபிள், ஒரே தோட்டா, ஒரே கை. மூன்று குண்டின் பரவல் சராசரியாக 24 மில்லிமீட்டர் என்றால், ஐந்து குண்டுக்கு அது 31ஐத் தொடும், பத்துக்கு 38 ஆகும். ரைபிள் மாறவில்லை, கூடுதலாகச் சுடச் சுட ஓரத்தில் விழும் குண்டுகள் வெளியே தெரிகின்றன. ஐந்து குண்டுக் கொத்து ஒவ்வொன்றும் சராசரியிலிருந்து கால் பங்கு மேலும் கீழும் ஆடுவது இயல்பு. ஆகையால் ஒரு கொத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. நாலைந்து கொத்துகளாவது வேண்டும். ‘எண்ணெய் மாற்றியதும் குறி கூடிவிட்டது’ என்ற கதைகளில் பாதி, இந்த ஆட்டத்தைத் தவறாகப் படித்ததால் வந்தவை.

அதே தாளில் தோட்டாவையும் சோதிக்க வேண்டும். 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அதற்கடுத்த வளையங்கள் எட்டு எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில். ஒரு குண்டு நொடிக்கு 330 மீட்டரிலும் அடுத்தது 320 மீட்டரிலும் கிளம்பினால், மெதுவான குண்டு 50 மீட்டருக்குள் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடுதலாகத் தாழும். வேகத்தில் மூன்று விழுக்காடு வித்தியாசம், புள்ளியில் ஏறக்குறைய ஒரு வளையம் நஷ்டம். மலிவான பெட்டிகளில் இந்த வித்தியாசம் சாதாரணம். அதிவேகத் தோட்டா வாங்கினாலும் லாபமில்லை. 380 மீட்டரில் கிளம்பும் குண்டு முப்பது நாற்பது மீட்டருக்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும். நம் 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். அந்த எல்லையைக் கடக்கையில் அதிர்வலை குலைந்து குண்டு தள்ளாடும். போட்டித் தோட்டாக்களை வேண்டுமென்றே ஒலிக்குக் கீழான வேகத்தில் செய்வது அதனால்தான். புது ரைபிளுக்கு லட்சங்களை எண்ணி வைப்பதற்கு முன், நல்ல தோட்டா இரண்டு பெட்டி வாங்கிப் பழைய ரைபிளில் சுட்டுப் பாருங்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

குழலே போய்விட்டால்? அதற்கும் நூற்றாண்டுப் பழமையான வைத்தியம் இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் .303 லீ-என்ஃபீல்டு ரைபிள்களைப் பயிற்சிக்கான .22 ஆக மாற்றியது. பர்மிங்காமின் பார்க்கர் நிறுவனம் தேய்ந்த .303 குழலைத் துளைத்து, உள்ளே .22 வரிகள் கொண்ட எஃகுக் குழாயைச் செருகும் முறையைக் கொண்டுவந்தது. என்.சி.சி.யில் இருந்தவர்கள் கனத்த, ராணுவ உருவம் கொண்ட .22 ரைபிளைத் தோளில் வைத்திருந்தால், அது பெரும்பாலும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. பழைய உடலுக்குள் புதிய குழாய் என்பது தொழில்நுட்பத்தில் முற்றிலும் சாத்தியம்.

சட்டத்தில்தான் இடறும். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்லாமல் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. 6ஆம் பிரிவு உரிமமின்றிக் குழலை வெட்டிக் குறைப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் சேர்த்தே தடுக்கிறது. கடைசல் பட்டறை வைத்திருக்கும் கைதேர்ந்த மச்சினன் உங்களுக்கு இருக்கலாம். அவரை இந்த வேலையில் இழுத்துவிட வேண்டாம். கட்டைக்கு வார்னிஷ் அடிப்பதும் எண்ணெய் போடுவதும் நம் வேலை. குழல், சேம்பர், போல்ட் ஆகியவை உரிமம் பெற்ற ஆர்மரரின் வேலை.

அதே 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியது. பழையதா புதியதா என்ற கேள்வியை எஃகு, மரம், கண் எல்லாவற்றையும் விட இந்த இரண்டு என்ற எண்தான் பல வீடுகளில் தீர்மானிக்கிறது. பன்றிக்கு ஒரு 12 போர் வேண்டும் என்றால் மீதியிருப்பது ஓர் இடம். அந்த இடத்துக்கு, சுடத் தகுந்த .22 தகுதியுள்ளது. சுடத் தகாத .22ஐ நினைவுக்காக வைத்து ஓர் இடத்தை அடைப்பது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. தகப்பனார் காலமான பிறகு தன் பெயருக்கு உரிமம் வாங்காமல் பரணில் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே இல்லை. முதலில் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, பிறகுதான் விண்ணப்பம்.

விற்பவருக்கு ஓர் ஆறுதல். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாமானியர் இறக்குமதி செய்வது 1980களின் நடுவில் நின்றுபோனது. விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் வழி உண்டு. அதனால் நல்ல நிலையிலிருக்கும் பர்னோவுக்கு அதன் தரத்தைத் தாண்டிய விலை கிடைக்கும். அந்தக் காசில் இஷாப்பூர் தொழிற்சாலை ரைபிள் வாங்கினால் மிச்சமும் இருக்கலாம். ஆனால் பர்னோவின் வேலைப்பாட்டைக் கையில் பிடித்துப் பழகியவர் அந்த மாற்றத்தை மேம்பாடு என்று ஒப்புக்கொள்வாரா என்பது சந்தேகம். சக உரிமதாரருக்கு நேரடியாக விற்பதாக இருந்தால், மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும்.

வீட்டுப் பிள்ளை போட்டிக்குத் தயாராகிறது என்றால் தராசு மறுபக்கம் சாய்கிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றது .22 ரிம்ஃபயரில்தான். அந்த மட்டத்து ரைபிளில் கன்னத்தட்டு, தோள்தட்டு, கைப்பிடி எல்லாமே சுடுகிறவரின் உடலுக்கேற்ப நகரும். பாட்டனாரின் ரைபிளில் ஒரு வருடம் மூச்சையும் விசையையும் பழகலாம். அதற்குப் பிறகு அதன் கட்டையைச் செதுக்கிச் செதுக்கிப் பிள்ளையின் தோளுக்குக் கொண்டுவர முயல்வது காசுக்கும் மரத்துக்கும் கேடு. அந்தக் கட்டத்தில் வேறு வாங்குவதே சரி. வாங்கிய பிறகும் பெட்டி பெட்டியாகச் சுட்டுத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் வேலை பாக்கியிருக்கிறது. எலே, லாப்புவா போன்ற தோட்டாக் கம்பெனிகள் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் ரைபிளை அங்கே இறுக்கிப் பொருத்தி, ஒரே பெயரில் வரும் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துவருகிற தொகுதி எண்ணைக் குறித்து அதையே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள்.